அடிக்குறிப்பு பதினான்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற மொழியிலிருந்து
ஆறே இல்லாத ஊருக்கு வந்தேன்.
மஸ்கட்டில் வாதிகள் உண்டு. மழை பெய்தால் ஓடும்,
மறுநாள் வெறும் கூழாங்கல்.
ஆனால் இந்த மேசையைச் சுற்றி ஆறு உண்டு:
ஆறு நாட்டுப் புள்ளியியல் அலுவலகங்கள்,
ஆறு கொடி, ஆறு தண்ணீர் பாட்டில்,
ஒன்றோடொன்று பேசாத ஆறு அட்டவணை.
பேச வைப்பது என் வேலை.
ஒப்பந்தத்தில் தரவு ஒத்திசைவு உதவியாளர்.
கடையநல்லூரில் கேட்டால்
எங்கேயோ கணக்கெழுதுகிறாள் என்பார்கள்.

காலை பதினொன்றரை வரை ஒரே சொல்லில் நின்றோம்.
குடித்தனம் என்றால் என்ன?
ஒரு கூரை என்றார் குவைத்தின் மிஷாரி.
இரத்த உறவு என்றார் இன்னொருவர்,
பெயர் அட்டை திரும்பியிருந்தது.
அப்படியானால் தொழிலாளர் முகாமில்
அறைக்குப் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில்,
அவர்கள் யார்?
ஏலக்காய் மணக்கும் கஹ்வா இரண்டாம் சுற்று வந்தது.
கடைசியில் பஹ்ரைனின் இப்திசாம் சொன்னார்:
ஒரே பானையில் உண்கிறவர்கள்.
மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை சொல்லிவிட்டு
காதில் மாட்டியதைச் சரிசெய்து
மறுமுறையும் சொன்னார்.
ஆறு பேனாவும் எழுதின.
நான் ஓர் உலை என்று எழுதினேன்.
என் நோட்டில் மட்டும் அது கொதித்தது.

அந்த அட்டவணையில் நானும் இருக்கிறேன்:
பெண், முப்பத்தெட்டு, பிற ஆசியர்.
ரூவியில் ஒரே ஃபிளாட்டில் நாலு பேர்,
நாலு குக்கர், நாலு விசில்.
புது விதிப்படி நாங்கள் நாலு குடித்தனம்.

பிற்பகல், இரட்டைப் பதிவுகள்.
ஒரே கடவுச்சீட்டு எண், இரண்டு நாட்டுப் பட்டியலில்.
பெயரை மறைத்திருந்தார்கள்.
கனரக ஓட்டுநர், பிறப்பிடம் தூத்துக்குடி.
நானாகச் சந்தியாகு என்று வைத்துக்கொண்டேன்.
எல்லைச் சாவடியில் வரிசை நகராத ஓர் இரவு,
பின்னால் இருந்த நாடு எண்ணியது,
விடிந்ததும் முன்னால் இருந்த நாடு எண்ணியது.
ஆள் இரண்டு, சம்பளம் மட்டும் ஒன்று.
வசிப்பிட அனுமதி தந்தவர்களுக்கே என்று முடிவாகி
ஒரு வரியை அழித்தேன்.
யாரும் சாகாமல்
மக்கள் தொகை ஒன்று குறைந்தது.

அப்போதுதான் ஸுவைனா கேட்டார்:
இரண்டு முறை எண்ணியவரை ஒப்பிட்டால் பிடிக்கலாம்.
ஒருவருமே எண்ணாதவரை எதோடு ஒப்பிடுவது?
கைப்பையிலிருந்து துறைமுகப் பதிவேட்டின் நகல்.
சரக்குக் கப்பல். முதலாளி கைவிட்டது.
பதினேழு மாதமாக நங்கூரத்தில்.
மாலுமிகள் ஏழு.

அந்த நீர் எங்களுடையது இல்லை என்றது ஒரு கொடி.
எங்களுடையதும் இல்லை.
திரையில் வரைபடம் விரிந்தது,
நீலத்தில் கோடு எங்கே என்று விரல்கள் தேடின.
ஆறு நாட்டுக் கணக்கும் சரியாக இருந்தது,
ஏழு பேர் குறைய.

ஸுவைனா குரலை உயர்த்தவில்லை.
துறைமுகத்துக்கு ஃபோன் போட்டார், ஸ்பீக்கரில்.
கப்பலில் எத்தனை அடுப்பு?
காற்றிரைச்சலுக்கு நடுவே யாரோ சிரித்தார்கள்:
ஒன்றுதான். கேஸ் தீர்ந்து போச்சு,
பலகையை உடைத்து எரிக்கிறார்கள்.

ஏசி ஓடும் சத்தம் கேட்டது.
இப்திசாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மிஷாரி காலையில் எழுதிய பக்கத்தைத்
திரும்பப் புரட்டினார்.

எந்த நாடு என்ற கட்டம் இன்னும் காலிதான்.
அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.
ஆனால் குடித்தனங்களின் மொத்தத்தில்
நேற்றைவிட ஒன்று கூடுதல்.
கீழே, எட்டுப் புள்ளி எழுத்தில்:
குடித்தனம் ஒன்று. உறுப்பினர் ஏழு. வசிப்பிடம் நீர்.

அச்சுக்குப் போகுமுன்
எழுத்தளவை ஒன்பதாக்கினேன்.
யாரிடமும் கேட்கவில்லை.